பல்லாங்குழிக்கு கானாவில் ஒரு சொந்தம்... ஒவாரே ஆடிப் பார்க்கலாமா?

பாட்டி வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பல்லாங்குழிப் பலகை ஞாபகம் இருக்கா? அதுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கு. பேரு ஒவாரே. ஊரு கானா. (சென்னை கானா பாட்டு இல்லைங்க, இது நாடு!) நைஜீரியாவில் யொரூபா மக்கள் இதன் வகையொன்றை 'அயோ' என்கிறார்கள். பக்கத்து ஐவரி கோஸ்ட்டில் 'அவாலே'. கடல் தாண்டி கரீபியன் தீவான ஆன்டிகுவாவுக்குப் போனால் 'வாரி'. அங்கே அது சுற்றுலாவாகப் போய்ச் சேரவில்லை. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கையில் எதையும் கொண்டுபோக முடியாத நிலையிலும், இந்த ஆட்டத்தை மனசுக்குள் கொண்டுபோனார்கள். பலகை இல்லாவிட்டால் என்ன, மண்ணில் 12 குழி தோண்டினால் போதுமே!

அகான் மக்களின் ட்வி மொழியில் 'ஒவாரே' என்றால் 'கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்' என்று பொருள் சொல்கிறார்கள். ஒரு ஆணும் பெண்ணும் முடிவே இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தார்களாம். எழுந்துபோக மனசில்லாமல் கடைசியில் கல்யாணமே செய்துகொண்டார்களாம். கதைதான். ஆனால் ரெண்டு ஆட்டம் ஆடிப் பார்த்தால் நம்பத் தோணும்.

என்னென்ன வேணும்?

வரிசைக்கு 6 வீதம் ரெண்டு வரிசை, மொத்தம் 12 குழி. நம்ம பல்லாங்குழியில் வரிசைக்கு 7 இருப்பதால் ஒரு ஓரக் குழி ஜோடியை மறைத்துவிட்டு ஆடலாம். பலகையே இல்லையா? மளிகைக் கடையில் தரும் 30 முட்டை அட்டையை எடுத்து, 6 குழி கொண்ட ரெண்டு வரிசையை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். ஜெயித்த விதைகளைப் போட்டுவைக்க ஆளுக்கொரு கிண்ணம்.

விதைகள் 48. புளியங்கொட்டை, சோழி எதுவும் ஓகே. ஆனால் ஒரு ஆச்சரியம்: கானாவில் வழக்கமாகப் பயன்படுத்தும் சாம்பல் நிற உருண்டை விதை வேறெதுவும் இல்லை, நம்ம நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கழற்சிக்காய்தான்! சங்க காலப் பெண்கள் கழங்கு ஆடியதும் இதே விதையில்தான் என்பார்கள். (குட்டிப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கோங்க.)

எப்படி ஆடணும்?

கானாவில் ஒவாரேவுக்கே பல வகை உண்டு. போட்டிகளில் ஆடப்படும் 'அபாபா' வகையைத்தான் இங்கே சொல்கிறேன். எதிரெதிரே உட்காருங்கள். உங்கள் பக்கத்து 6 குழிகள் உங்களுடையவை. ஒவ்வொரு குழியிலும் 4 விதை. உங்கள் முறை வந்தால், உங்கள் குழி ஒன்றில் இருக்கும் எல்லா விதைகளையும் அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகணும். உங்கள் வரிசை முடிந்ததும் எதிராளி வரிசைக்குத் திரும்பணும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. கிண்ணத்தில் விதை போடக் கூடாது.

பல்லாங்குழி ஆடிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். நாம் கையில் விதை தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளித் தொடருவோம். காலிக் குழி வந்தால் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியை எடுப்போம். அபாபாவில் அதெல்லாம் கிடையாது. கடைசி விதை விழுந்ததும் உங்கள் முறை முடிந்தது. என் கை பழக்கதோஷத்தில் அடுத்த குழிக்குப் போய்க்கொண்டே இருந்தது. தொடர்ந்து அள்ளி ஆடும் வகையும் கானாவில் உண்டு, 'நம்-நம்' என்று பேர். அதில் ஒரு குழியில் 4 விதை சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். நம்ம 'பசு' மாதிரியே!

சரி, அபாபாவில் விதையை எப்படிப் பிடிப்பது? உங்கள் கடைசி விதை எதிராளியின் குழியில் விழுந்து, அங்கே மொத்தம் 2 அல்லது 3 ஆனால் அவை உங்களுக்கு. அதற்கு முந்தைய குழியிலும் 2 அல்லது 3 இருந்தால் அதுவும் உங்களுக்கு. இப்படியே பின்னோக்கி எதிராளி வரிசைக்குள் அள்ளிக்கொண்டு வரலாம். நடுவில் வேறு எண் வந்தால் அங்கேயே நிறுத்தணும்.

ஓர் உதாரணம். இடமிருந்து எண்ணினால் உங்கள் 5-வது குழியில் 4 விதை. எதிராளியின் முதல் மூன்று குழிகளில் (உங்கள் விதை முதலில் போய்ச்சேரும் மூன்று) முறையே 1, 2, 1. நீங்கள் அள்ளிப் போட்டால் ஒன்று உங்கள் 6-வது குழிக்கு, மீதி மூன்றும் அந்தப் பக்கம். இப்போது அங்கே 2, 3, 2. மொத்தம் 7 விதை லாபம்! அதுவே நடுக்குழியில் முதலிலேயே 3 இருந்திருந்தால்? அது 4 ஆகிவிடும், சங்கிலி அறுந்துவிடும். கடைசிக் குழியின் 2 மட்டும்தான் கிடைக்கும். முதல் குழியில் 2 இருந்தும் கை வைக்க முடியாது.

ஒரு குழியில் 12 அல்லது அதற்கு மேல் விதை சேர்ந்திருந்தால், போட்டுக்கொண்டு சுற்றி வரும்போது அள்ளிய குழியை மட்டும் தாண்டிப் போகணும்.

பட்டினி போடக் கூடாது!

எனக்கு ரொம்பப் பிடித்த விதி இதுதான். எதிராளியின் குழிகள் எல்லாமே காலியாகிவிட்டால், 'ஜாலி, ஜெயிச்சாச்சு' என்று உட்கார முடியாது. அவர் பக்கம் ஒரு விதையாவது போய்ச்சேரும் ஆட்டத்தைத்தான் நீங்கள் ஆடணும். 6-வது குழியில் ஒரே ஒரு விதை இருந்தாலும் போதும். முதல் குழியிலிருந்து என்றால் 6 விதை வேணும். எந்தக் குழியிலிருந்தும் எட்டவே எட்டாது என்றால் மட்டும், மிச்ச விதைகளை நீங்கள் எடுத்துக்கொள்ள ஆட்டம் முடியும்.

ஒரே அள்ளலில் எதிராளியின் மொத்த விதையையும் துடைத்தெடுக்கும் வாய்ப்பு வந்தால்? இதற்கு ஊருக்கு ஊர் விதி மாறும். ஆடலாம், ஆனால் ஒன்றுகூட எடுக்கக் கூடாது என்பது பரவலான வழக்கம். ஆரம்பிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சண்டைதான்.

25 விதை சேர்த்தவர் ஜெயித்தார். ஆளுக்கு 24 என்றால் சமன். கொஞ்சம் விதைகளே மிஞ்சி ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தால், அவரவர் பக்கத்தில் இருப்பதை அவரவர் எடுத்துக்கொண்டு முடித்துக்கொள்ளலாம்.

ஜெயிக்க ஒரு தந்திரம்

முதலில் தற்காப்பு. உங்கள் குழியில் 1 அல்லது 2 விதை இருந்தால் அது ஆபத்து. எதிராளி ஒன்று போட்டாலே 2 அல்லது 3 ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் அவருடைய எந்தக் குழி உங்களுடைய எந்தக் குழியில் முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது தாக்குதல். போன் ஆப்பில் என்னைத் தொடர்ந்து மூணு முறை தோற்கடித்தது இந்த உத்திதான். ஒரு குழியைத் தொடாமலே சேர்த்துக்கொண்டு போவது. உதாரணமாக, உங்கள் 6-வது குழியில் 16 விதை சேர்ந்துவிட்டது; எதிராளியின் முதல் 5 குழிகளும் காலி. அள்ளிப் போடுங்கள். அவருடைய 6 குழிகளுக்கு ஒவ்வொன்று, உங்கள் 5 குழிகளுக்கு ஒவ்வொன்று, உங்கள் 6-வதைத் தாண்டி மறுபடி அவருடைய முதல் 5 குழிகளுக்கு ஒவ்வொன்று. கணக்கு சரியாக 16. அந்த ஐந்திலும் இப்போது இரண்டிரண்டு. அள்ளுங்கள், 10 விதை! 'காலிக் குழிதானே, பயமில்லை' என்று நினைத்தது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. எதிராளி இப்படிச் சேர்ப்பதைப் பார்த்தால், ஒரு சுற்று முடிந்து அவர் விதை விழப்போகும் இடங்களை முன்கூட்டியே 2-க்கு மேல் நிரப்பி வையுங்கள்.

சரி, முதலில் ஆடுபவருக்குத்தான் சாதகமா? ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ரோமைனும் ஹென்றி பாலும் 2002-ல் 'அவாரி' என்ற பெயரில் இதே 12 குழி, 48 விதை ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, 144 பிராசஸர்கள் கொண்ட கணினித் தொகுப்பில் ஏற்றிப் பார்த்தார்கள். வரக்கூடிய நிலைகள் சுமார் 88,900 கோடி. அத்தனையையும் அலசிக் கிடைத்த விடை: ரெண்டு பேருமே தப்பே செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமன்.

நாம தப்பு செய்வோம், அதனால கவலை வேண்டாம். முட்டை அட்டையை வெட்டியாச்சா?