ஹந்தானைச் சாரலில் ஒரு சூரியக் கலம்

விஞ்ஞானம் செல்வ நாடுகளின் தனிச்சொத்து என்போர் கண்டியின் ஹந்தானைச் சாரலை நோக்குக.

ஒளி, போட்டன் எனும் சிறு பொதிகளாகவே சக்தியை ஈகின்றது. 1240ஐ நானோமீற்றர் அலைநீளத்தால் வகுக்க, போட்டனின் சக்தி இலத்திரன்வோல்ற்றில் கிட்டும். 550 நானோமீற்றர்ப் பச்சை ஒளிக்கு அது 2.25. தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் மலிவான குறைகடத்தியின் சக்தி இடைவெளியோ 3.2. ஆகவே பச்சை ஒளி அதில் இலத்திரனை எழுப்பாது. சாயமொன்று ஒளியை உறிஞ்சி இலத்திரனை வழங்கினால் தடை நீங்கும். 1991இல் ஓரீகனும் கிராற்செலும் அறிவித்த இத்தகு கலத்தில் திரவம் இருந்தது. 1995இல் கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் கீர்த்தி தென்னக்கோனும் துணைவரும், பூக்களின் சயனிடின் சாயத்தையும், திரவத்துக்குப் பதிலாகத் திண்மச் செப்பு அயடைட்டையும் கொண்டு கலம் சமைத்தனர்.

சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கும் இக்கணக்கு தம் மொழியில் கைவரும்பொழுதே அது மக்களின் அறிவாகும்.