ஸ்ரீரங்கத்தில் ஒரு நாள், இரு தேதிகள்



1752 ஜூனில் திருச்சிராப்பள்ளிப் போரில் தோற்ற பிரெஞ்சுப் படை, லா என்னும் தளபதியுடன் ஸ்ரீரங்கம் தீவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அந்த ஒரே நாளுக்கு ஆங்கிலேயர் இட்ட தேதி, பிரெஞ்சுக்காரர் இட்டதற்கு 11 நாட்கள் குறைவாக இருந்தது. ஈஸ்டர் பண்டிகை பருவம் தவறாதிருக்கப் போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் திருத்திய நாட்காட்டியைப் பிரான்ஸ் அவ்வாண்டே ஏற்றது. பிரிட்டனோ 1752 செப்டம்பரில்தான் ஏற்றது. அம்மாதம் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதி!

யூனிக்ஸ் கணினியின் நாட்காட்டி அம்மாதத்தில் அந்த 11 நாட்களை விட்டே காட்டும். பிழையென நினைப்போர் உண்டு, அதுவே சரி. பல மென்பொருள்கள் இன்றைய முறையையே பின்னோக்கி நீட்டி, ஆங்கிலேயரின் அந்த ஜூன் தேதிக்குத் தவறான கிழமை சொல்லும். எக்செல் 1900க்கு முந்தியவற்றைத் தேதியாகவே ஏற்காது. நம் ஊரின் பழைய குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் இளைஞர்கள், எழுதியவர் எந்த நாட்டார் என்று முதலில் பாருங்கள்.