வைவாவோடு முடிந்துபோகும் புரொஜெக்ட்டுகள்

இறுதியாண்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு புரொஜெக்ட் செய்தோம். ஊர் நூலகம் ஒன்றுக்கு, புத்தகம் இரவல் கொடுப்பதைப் பதிவு செய்யும் மென்பொருள். வைவா நல்லபடி போனது. எல்லாருக்கும் நல்ல புள்ளி. படம் எடுத்தோம், ரோல்ஸ் சாப்பிட்டோம், கலைந்தோம்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால், நூலகர் அக்கா பழையபடி சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறா. "பிள்ளையள், மார்கழி கடைசியில ஆக்கள் எடுத்த புத்தகத்துக்கெல்லாம் அண்டைக்கே தண்டம் காட்டத் தொடங்கிட்டுது. உங்களுக்குக் கோல் எடுத்தன். ஒருத்தரும் எடுக்கேல்ல" எண்டா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

வீட்டுக்கு வந்து கோட்டைத் திறந்தோம். பெரும்பகுதியை எழுதினவன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். மாறிகளுக்கு அவன் வைத்த பெயர்கள் எக்ஸ்1, எக்ஸ்2, ரெம்ப். முன்பக்கத்தில் எங்கள் நாலு பேரின் பெயரும் இருக்கிறது. உள்ளே இருப்பது எங்களுக்கே விளங்கவில்லை.

அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. மென்பொருளைக் குழுவாகச் செய்யச் சொல்லி பல்கலைக்கழகங்கள் ஏன் கேட்கத் தொடங்கின? தேடிப் போனதில் கிடைத்த கதை, நாங்கள் நினைத்ததைவிடப் பழையது.

1960களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம் 360 கணினிகளுக்கு ஓ.எஸ். 360 என்ற இயங்குதளத்தைச் செய்தது. உச்சக்கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். அப்படியும் சொன்ன நேரத்துக்கு முடியவில்லை. அந்த வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இல் ஒரு புத்தகம் எழுதினார். பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு ஆள் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்பது அதில் அவர் சொன்ன முக்கியமான விசயம். காரணம் லேசானது. புதிதாக வருகிறவருக்குப் பழைய ஆள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அந்த நேரம் அவருடைய வேலை நிற்கும். நாலு பேர் ஒருவரோடொருவர் கதைக்க 6 வழிகள். பத்துப் பேர் என்றால் 45. சிக்கல் கணினியில் இல்லை, ஆட்களுக்கு இடையில்தான்.

1968 ஒக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் விஞ்ஞானக் குழு ஒரு மாநாடு கூட்டியது. கிட்டத்தட்ட 50 பேர் வந்தார்கள். 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரை மாநாட்டுக்கு வைத்ததே சீண்டிப் பார்க்கத்தான். பாலம் கட்டுகிறவர்களுக்கு இருக்கிற ஒழுங்கு மென்பொருள் செய்கிறவர்களுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்று எங்கள் பட்டத்தில் இருக்கிற பெயர் இப்படித்தான் பரவியது.

சரி, இந்த ஒழுங்கை வகுப்பில் எப்படிப் படிப்பிப்பது? வாங்கில் இருந்து குறிப்பு எழுதி நீந்தப் பழக முடியாது. புரூக்ஸ் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படிப்பித்தபோது மாணவர்களைக் குழுவாக மென்பொருள் செய்ய வைத்தார். ஒன்றும் செய்யாத வெறும் கூடாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் ஓடுகிற ஒன்றைச் செய்யுங்கள், பிறகு அதை வளருங்கள் என்பது அவர் கொடுத்த புத்தி. ஏதோ ஒன்று ஓடத் தொடங்கியவுடன் குழுவின் உற்சாகம் எகிறுவதைக் கண்டதாகவும் எழுதியிருக்கிறார். வைவாவுக்கு முதல்நாள் இரவு நாலு பேரின் கோட்டையும் முதல்தடவையாக ஒட்டிப் பார்த்த எங்களுக்கு இதைப் படிக்கையில் வெட்கமாக இருந்தது.

ஆனால் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது ரொறன்ரோ கதை. இன்று எங்கள் பாதிச் சொந்தக்காரர் இருக்கிற அதே ரொறன்ரோ. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹோர்னிங், டேவிட் வோர்ட்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் இந்தப் பாடத்தை ஒரு விளையாட்டாக மாற்றினார்கள். 1977இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு மாணவர் குழுவும் ஒரு சின்ன மென்பொருள் கம்பனி. ஒரு குழு முழு மென்பொருளில் ஒரு பாகத்தை மட்டும் செய்யும். மிச்சத்தை மற்றக் குழுக்களிடம் விலைபேசி வாங்க வேண்டும், தன்னுடையதை அவர்களுக்கு விற்க வேண்டும். அதோடு விடவில்லை. பிறகு மென்பொருளில் மாற்றம் செய்யச் சொல்வார்கள். அதாவது, வேறொருவர் எழுதினதைத் திறந்து, விளங்கி, திருத்த வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். விளங்காத கோட்டை அந்தச் சந்தையில் யார் வாங்குவார்கள்? ஒழுங்காகப் பெயர் வை, குறிப்பு எழுது என்று சேர் கத்தத் தேவையில்லை. அடுத்த மேசைக்காரன் வாங்க மாட்டான், அவ்வளவுதான். நாங்கள் படித்த முறையில் இந்த அடுத்த மேசைக்காரன் இல்லை. நாங்களே எழுதினோம், நாங்களே ஓட்டிக் காட்டினோம், புள்ளியும் வாங்கினோம். வேறொருவர் அதைத் திறக்க வேண்டிய தேவை ஒருநாளும் வரவில்லை.

இது வெளிநாட்டுக் கதை மட்டும் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் எங்களைப் போலவே நாலு மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக 'சித்தி' என்ற மென்பொருளைச் செய்தார்கள். ஓயாமல் வந்து கொட்டும் தரவில் இருந்து, கவனிக்க வேண்டிய நிகழ்வை உடனே பிடிக்கிற வேலை அதற்கு. ஒரே வங்கி அட்டை ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு ஊர்களில் பாவிக்கப்பட்டால் கண்டுபிடிப்பது மாதிரி. 2011இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மூலக்கோட் எல்லாருக்கும் திறந்து விடப்பட்டது. டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற இலங்கை நிறுவனம் அதைத் தன் தயாரிப்புக்குள் எடுத்து வளர்த்தது. ஊபர் போன்ற பெரிய நிறுவனமும் பாவித்தது.

அந்த மாணவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த வளாகத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. திறந்த மூல மென்பொருளில் மாணவர்களை வேலை செய்ய வைக்கும் கூகுளின் கோடைகாலத் திட்டம் 2005இல் தொடங்கியது. முதல் பத்து வருடத்தில் உலகிலேயே ஆகக்கூடிய மாணவர்களை அதற்கு அனுப்பியது மொறட்டுவைதான். முகம் தெரியாத ஆட்களின் கோட்டை வாசிக்கவும், தன்னுடையதை அவர்கள் வாசித்துக் குறை சொல்லக் கேட்கவும் அங்கே பலர் பழகியிருந்தார்கள்.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. 'சித்தி' என்றால் சிங்களத்தில் நிகழ்வுகள். எங்கள் தமிழில் சோதினை பாஸ். எங்களுடையது எங்கள் சித்தியோடு நின்றது. அவர்களுடையது அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

நூலகத்துக்குத் திரும்புவோம். கோட் விளங்காமல் இருந்த எங்களைக் காப்பாற்றியது ஒரு றிப்போட். எங்கள் குழுவில் ஒருத்தியை நாங்கள் "றிப்போட் எழுதிற ஆள்" என்று நக்கல் அடிப்போம். கோட் எழுதுவதுதான் வேலை, மற்றதெல்லாம் சும்மா என்ற நினைப்பு. எந்தத் திரை எந்த அட்டவணையில் இருந்து எதை எடுக்கிறது என்று அவள் 31 பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பிழையைக் கண்டோம். திருப்பிக் கொடுக்கும் திகதியைப் பார்க்கும் இடத்தில் மாதத்தை மட்டும் ஒப்பிட்டிருந்தோம், வருடத்தை விட்டுவிட்டோம். அதனால் மார்கழியில் எடுத்து தையில் கொடுக்க வேண்டிய புத்தகம் எல்லாம் பிந்தியதாகக் கணக்காகியது. திருத்தியது இரண்டு வரி. தேடியது மூன்று சனிக்கிழமை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "இப்பவாவது வாசிச்சியளே" என்றாள்.

இந்த வருடம் புரொஜெக்ட் செய்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்வோம். வைவாவுக்கு இரண்டு கிழமை முன்னம் உங்கள் கோட்டைப் பக்கத்துக் குழுவிடம் கொடுங்கள். அவர்களுடையதை நீங்கள் வாங்குங்கள். ஒரு சின்ன மாற்றத்தைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர்களால் முடியாவிட்டால் உங்கள் வேலை இன்னும் முடியவில்லை. அங்கே ஒரு அக்கா கொப்பியை இன்னும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறா.