மேடை கண்ட ஆள்மாறாட்டமும் திரை கண்ட இரட்டை வேடமும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்த அவர், பேதைமையையும் மடனையும் தனித்தனியே எண்ணினார். பேதைமை என்பது அறியாமை; மடன் என்பது ஒன்றை ஏற்றபின் அதனைக் கைவிடாது நிற்றல். ஒருவரை மற்றொருவராகக் கருதி மயங்கும் நாடகங்கள் அனைத்தும் இவ்விரு தூண்களின்மேல் எழுந்தவையே. முதலில் ஆள் தெரியாமற் போகிறது; பின்னர், மெய்யைச் சொன்னாலும் கேட்பார் இல்லாமற் போகிறது. இத்தகைய நாடகங்கள் மேடையினின்று திரைக்கு வந்த வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமாபுரி நாடகாசிரியர் பிளாட்டஸ் கிறித்துவுக்கு முன்னரே இரட்டைச் சகோதரர் கதையொன்றை நாடகமாக்கினார். அதனை எடுத்தாண்ட சேக்சுபியர் ஓர் இரட்டையர் போதாதென்று, அவர்தம் பணியாட்களையும் இரட்டையராக்கினார். அதுவே ‘பிழைகளின் நகை நாடகம்’. 1594-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இலண்டன் சட்ட மாணவர் மன்றமாகிய கிரேஸ் இன்னில் அது நடிக்கப்பெற்றது. பின்னர், கடலிற் பிரிந்த அண்ணன் தங்கையரை வைத்து ‘பன்னிரண்டாம் இரவு’ எழுதினார். அதுவும் 1602 பிப்ரவரி 2-ஆம் நாள் மிடில் டெம்பிள் என்னும் சட்ட மன்றத்திலேயே நடிக்கப்பெற்றது. அதனைக் கண்ட ஜான் மானிங்ஹாம் என்னும் மாணவர், பழைய இரட்டையர் நாடகங்களை இது ஒத்திருப்பதாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சாட்சியமும் அடையாளமும் பயில்வோர் முன்னிலையில், கண்ணாரக் கண்ட சாட்சியும் பொய்க்கும் என்று காட்டும் நாடகங்கள் அரங்கேறியது பொருத்தமே!

நம் நாட்டில் இக்கதைக்கு முதற் பேறு வங்கத்தில் வாய்த்தது. ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1869-இல் இதனை ‘பிராந்தி விலாசம்’ என்னும் உரைநடைக் கதையாகத் தழுவினார். அயல்நாட்டு வணிகன் சோமதத்தன் ஆனான். அவன் மக்கள் இருவரும் சிரஞ்சீவர் ஆயினர். பணியாட்கள் இருவரும் கிங்கரர் ஆயினர். வித்தியாசாகரரின் நூலை பி. வெங்கடாசாரியர் கன்னடத்திற்குக் கொணர்ந்தார். தமிழில் சேக்சுபியருக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ் உடையும் தந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். அவர் 1891-இல் தோற்றுவித்த சுகுணவிலாச சபை அமலாதித்யன், வாணிபுர வணிகன் போன்ற தழுவல்களால் கற்றோரை நாடகத்தின்பால் ஈர்த்தது.

இரட்டையர் நாடகத்தை மேடையேற்றுவோர்க்கு ஓர் இடர் உண்டு. உருவத்தால் ஒத்த இருவரை எங்கே தேடுவது? பெரும்பாலும் இரு நடிகர்க்கு ஒரே உடை அணிவிப்பர். ‘இவர்கள் ஒத்தவர்கள்’ என்று அவையோர் மனமுவந்து ஏற்றுக்கொள்வர். ‘பன்னிரண்டாம் இரவி’லோ இடர் இரட்டிப்பாகிறது, ஒத்திருக்க வேண்டியவர் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆவர். சேக்சுபியர் காலத்தில் பெண் வேடத்தைச் சிறுவரே ஏற்றனர். ஆகவே, பெண்ணாக நடிக்கும் ஆண், அப்பெண் ஆணுடை பூண்டதாக நடிக்க வேண்டியதாயிற்று.

இம்முறை தமிழ் மேடைக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே பெண் வேடமும் புனைந்தனர். சுகுணவிலாச சபையில் ரங்கவடிவேலு என்பார் தலைவி வேடங்களிற் புகழ் பெற்றார். மறுபுறம், பெண் ஆணாகத் தோன்றும் மரபும் இருந்தது. 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் அல்லரோ!

திரைப்படம் வந்தபின், மேடையால் இயலாத ஒன்று இயல்வதாயிற்று. ஒரே நடிகர் தம்மையே எதிரே கண்டு பேசலாம். படக்கருவியின் பார்வையில் ஒரு பாதியை மறைத்து மறுபாதியில் நடிகரைப் படம் பிடிப்பர். பின்னர்ப் படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, பிடித்த பாதியை மூடி, வேறு உடையில் அதே நடிகரைப் படம் பிடிப்பர். கருவி மயிரிழையும் அசைதல் கூடாது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டுதலும் கூடாது. இல்லாத ஒருவரை நோக்கிப் பேசி, அவர் விடை கூறும் நேரத்தையும் மனத்தாற் கணக்கிட்டு நிற்க வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ 1940-இல் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்திற் காட்டித் தமிழ் மக்களை வியக்க வைத்தது.

இப்பின்னணியில்தான் 1949-இல் ஜூபிடர் நிறுவனத்தார் ‘கன்னியின் காதலி’யை வெளியிட்டனர். ‘பன்னிரண்டாம் இரவி’ன் தழுவலாகிய இதனை இயக்கியவர் கே. ராம்நாத். ஒளிப்பதிவாளராய்ப் பயின்று இயக்குநரானவர் அவர். பின்னர் 1950-இல் விக்தர் யூகோவின் பெருங்கதையை ‘ஏழை படும் பாடு’ ஆக்கியவரும் அவரே. அண்ணன், தங்கை ஆகிய இரு வேடங்களையும் மாதுரிதேவி ஒருவரே ஏற்றார். அஞ்சலிதேவி உடன் நடித்தார். சேக்சுபியர் மேடையில் ஆண் பெண்ணானான். தமிழ்த் திரையில் பெண் ஆணானாள். நந்தனாரைக் கண்டு பழகிய நம் மக்களுக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை. கவிஞர் கண்ணதாசனின் முதல் திரைப்பாடல் இடம்பெற்றதும் இப்படத்திலேதான் என்பது இலக்கிய அன்பர் மறவாச் செய்தி.

‘பிழைகளின் நகை நாடக’மும் திரையில் நெடுந்தொலைவு நடந்தது. வங்கத்தில் 1963-இல் உத்தமகுமார் இரட்டை வேடமேற்ற ‘பிராந்தி விலாஸ்’ வந்தது. இந்தியில் 1968-இல் கிஷோர் குமார் நடித்த ‘தோ தூனி சார்’ வந்தது. அதில் எழுத்துப் பணியாற்றிய குல்சார், அதே கதையை மீண்டும் கையிலெடுத்து 1982-இல் ‘அங்கூர்’ எனத் தாமே இயக்கினார். சஞ்சீவ் குமார் இரு அசோக்குகளாகவும், தேவேன் வர்மா இரு பகதூர்களாகவும் தோன்றினர். உருவில் வேறுபாடே இல்லாத இருவரைக் குணத்தால் வேறுபடுத்தியது அப்படத்தின் திறம். ஒருவன் இல்லறத்தில் அலுத்தவன். மற்றவனோ துப்பறியும் கதைகள் படித்துப் படித்து எவரைக் கண்டாலும் ஐயுறுபவன். இறுதியில் சேக்சுபியரின் படம் கண் சிமிட்டுகிறது. கடன் பட்ட இடத்தை மறையாமற் காட்டும் பண்பு அது! கன்னடத்தில் என். எஸ். சங்கர் இயக்கத்தில் ரமேஷ் அரவிந்த் நடித்த ‘உல்டா பல்டா’ 1997-இல் வந்தது.

இவ்வளவு பெற்ற நாம் இழந்தது ஏதும் இல்லையா? உண்டு. சேக்சுபியரின் நாடகம் நகைப்பில் தொடங்கவில்லை. ஒரு மரண தண்டனையில் தொடங்குகிறது. சிரக்கூசு நகரத்து முதிய வணிகன் எபேசு நகரில் கால் வைத்தான் என்பதே அவன் குற்றம். மாலைக்குள் தண்டப்பணம் கட்டாவிடின் தலை போகும். அவன் தேடிவந்த மக்களோ அதே வீதிகளில் ஒருவரை ஒருவர் அறியாது திரிகின்றனர். ‘பன்னிரண்டாம் இரவி’லும் அந்தோனியோ என்னும் மாலுமி, நண்பனுக்காகப் பகைவர் ஊரில் நுழைந்து பிடிபடுகிறான், நண்பனென்று அவன் கருதிய முகமோ ‘உன்னை யான் அறியேன்’ என்கிறது. இரு நாடகங்களிலும் சிரிப்புக்குப் பக்கத்தில் அயலூரான் ஒருவன் விலங்கோடு நிற்கிறான். வித்தியாசாகரர் அம்முதியவனைச் சோமதத்தனாகப் போற்றி வைத்தார். ‘அங்கூர்’ அத்தண்டனையை விடுத்தது. குழப்பம் மிகுந்தது, அச்சம் அகன்றது. அச்சம் அகன்ற இடத்தில், இறுதியில் குடும்பம் ஒன்றுசேரும்போது நெஞ்சில் எழவேண்டிய ஈரமும் சற்றே குறைந்தது.

கோலார் தங்கவயல் தமிழர்க்கு இது வெறும் நாடக நுணுக்கம் அன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தொடங்கிய பின்னர், வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் வந்தோரின் வழித்தோன்றல்கள் நாம். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன; ‘நீ எவ்வூரான்?’ என்னும் வினா மட்டும் மூடப்படவில்லை. ‘உன் பெயர் இதுவன்று, உன் ஊர் இதுவன்று’ என்று பிறர் சாதிக்கக் கேட்டு நிற்பவனின் நிலை மேடையில் நகை; வாழ்வில் அழுகை. தொல்காப்பியர் நகையை அடுத்து அழுகையை வைத்த முறைமையை எண்ணி எண்ணி வியக்கலாம்.

அருகிலுள்ள பூதிகோட்டை ஐதர் அலி பிறந்த ஊர் எனப் புகழ் பெற்றது. ‘பூதி’ கன்னடத்தில் சாம்பல், தமிழிலும் சாம்பலே. ஒரே சொல் இரு வீட்டிலும் பிள்ளையாய் நிற்கிறது. எவருடையது என்று வழக்காடுவார் இல்லை. இக்கோலார் மாவட்டம் ஈந்த பி. ஆர். பந்துலு, 1958-இல் ‘சபாஷ் மீனா’வைத் தமிழில் எடுத்தார். அதில் சிவாஜி கணேசனின் பெயரில் சந்திரபாபு வேறொருவர் இல்லம் புகுந்து செய்யும் ஆள்மாறாட்டம் இன்றும் சிரிப்பூட்டுகிறது. அதனையே 1962-இல் இந்தியிலும் எடுத்தார் பந்துலு. மொழி மாறினாலும் நகை மாறவில்லை.

தழுவல் என்பது களவன்று. மூலத்தின் உயிரைக் கைவிடாதவரை அது மறுபிறப்பே. நம் சங்க மேடைகளில் இவ்விரட்டையர் நாடகத்தை இளைஞர் நடிக்கும் நாள் வருமாயின், அந்த முதிய வணிகனை விட்டுவிடாது மேடையேற்றுவார்களாக. சிரிப்பு அவனால் குறையாது. சிரித்து முடித்தபின் நினைக்கத்தக்கது ஒன்று எஞ்சும்.