சஞ்சாயிகாவும் ஓர் ஆட்டுக்குட்டியும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். மகன் ஏழாவது படிக்கிறானாம். அம்மாவின் செல்போனில் விளையாடி மூவாயிரம் ரூபாயைத் தொலைத்துவிட்டானாம். "நாம படிச்சப்ப சஞ்சாயிகான்னு ஒண்ணு இருந்துச்சே சார், அந்த மாதிரி இப்ப ஏன் இல்ல?" என்று கேட்டார். போனில் பதில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசைப் பழக்கும் யோசனை நம் ஊரில் பிறந்ததல்ல. பெல்ஜியத்தில் கெண்ட் என்ற நகரம். அங்கே சட்டப் பேராசிரியராக இருந்த பிரான்சுவா லோரான் 1866-இல் நகரப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். நெசவாலைத் தொழிலாளர் நிறைந்த ஊர் அது. பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறையை ஆசிரியர் வாங்கி எழுதி வைப்பார். ஓரளவு சேர்ந்ததும் பிள்ளையின் பெயரிலேயே சேமிப்பு வங்கியில் கணக்கு. அந்த நாட்டிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய ஜான் தீரி என்பவர் 1885-இல் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்ட் சிட்டி பள்ளிகளில் இதையே ஆரம்பித்தார்.

இங்கிலாந்தில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த கதை. அங்கே அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கக் குறைந்தது ஒரு ஷில்லிங் வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளையிடம் ஒரே நேரத்தில் அவ்வளவு காசு ஏது? 1880-இல் அஞ்சல் துறைத் தலைவராக வந்த ஹென்றி பாசெட் ஒரு வழி செய்தார். ஒரு பென்னி தபால்தலையை ஒரு தாளில் ஒட்டிக்கொண்டே வரலாம். பன்னிரண்டு ஒட்டினால் ஒரு ஷில்லிங், கணக்கு ரெடி. இருபத்தைந்து வயதில் வேட்டை விபத்தில் இரு கண்களையும் இழந்தவர் பாசெட். நம் நாட்டு வரிப்பணம் எப்படிச் செலவாகிறது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விடாமல் கேட்டதால் 'இந்தியாவின் உறுப்பினர்' என்றே அவருக்குப் பெயர். இந்தியாவில் அஞ்சலக சேமிப்பு வங்கி 1882-இல் வந்தது.

சஞ்சாயிகா அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. மத்திய நிதி அமைச்சகத்தைச் சேர்ந்த தேசிய சேமிப்பு அமைப்பின் திட்டம். மற்ற ஊர்த் திட்டங்களைவிட இதில் ஒரு விசேஷம் உண்டு: வங்கியை நடத்துவதே பிள்ளைகள். மேனேஜர், கேஷியர், கணக்கர் எல்லாம் மாணவர்கள்தான். மொத்தப் பணம் பள்ளியின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ இருக்கும். ஆசிரியர் மேற்பார்வை மட்டும்.

எங்கள் நடுநிலைப்பள்ளியில் 1983 முதல் அந்த மேற்பார்வை என்னுடையது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வங்கி நேரம். பத்துப் பைசா, இருபது பைசா, பண்டிகை முடிந்த வாரம் ஒரு ரூபாய். பேரேட்டில் ஐந்து பைசா உதைத்தால் கணக்கர் பையன் வீட்டுக்குப் போக மாட்டான். கூட்டல் கழித்தலை நான் கரும்பலகையில் நடத்தியதைவிட அந்தப் பேரேடு நன்றாக நடத்தியது. இது பெருமைக்காகச் சொன்னது. இனி சொல்வது அப்படி அல்ல.

1986 ஆகஸ்ட் மாதம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாஸ்புக்கை நீட்டினான். இருப்பு பதினெட்டு ரூபாய் ஐம்பது பைசா. "முழுசா எடுக்கணும் சார். அப்பா ஆட்டுக்குட்டி பிடிக்கப் போறாரு. என் காசையும் போட்டா வித்து வர்றதுல எனக்கும் பங்கு தர்றேன்னாரு."

செப்டம்பரில் சேமிப்பு தினம். அதற்குள் மேலே அறிக்கை போக வேண்டும். போன வருடத்தைவிட இருப்புக் கூடியிருக்க வேண்டும். "சேமிப்புன்னா எடுக்கக்கூடாதுடா. டி.சி. வாங்கும்போது மொத்தமா வாங்கிக்கோ" என்றேன். மேனேஜராக இருந்த எட்டாம் வகுப்புப் பெண், "எடுக்கலாம்னுதானே சார் விதி இருக்கு?" என்றாள். அவளை அதட்டி உட்கார வைத்தேன்.

அவன் அழவில்லை. பாஸ்புக்கை மடித்து டவுசர் பையில் வைத்துக்கொண்டு போனான். அதன்பிறகு ஒரு பைசாகூடப் போடவில்லை. அவன் தம்பி, தங்கை இருவரும் நம் பள்ளியில்தான் படித்தார்கள், அவர்களும் போடவில்லை. எட்டாவது முடித்துப் பணம் வாங்கும்போது கிடைத்த வட்டியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதற்குள் அந்த ஆடு எத்தனை ஈத்து போட்டதோ!

முதல், பங்கு, லாபம் என்று நான் ஐந்தாம் கணக்குப் புத்தகத்தில் நடத்திய பாடம் அந்தப் பையனுக்கு அன்றே புரிந்திருந்தது. எனக்குத்தான் உண்டியலுக்கும் வங்கிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் பள்ளியில் சஞ்சாயிகா நின்றுபோனதற்கு வேலைப்பளு, ஆசிரியர் பற்றாக்குறை என்று பல காரணம் சொல்வோம். வசூலிக்க மட்டும் ஆர்வம் காட்டினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போன் செய்த தம்பிக்கு என் பதில்: பத்து வயது முடிந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் கணக்கைத் தானே கையாளலாம். மகனைக் கூட்டிப்போய்த் தொடங்கு. போடுவதற்கு மட்டுமல்ல, எடுப்பதற்கும் படிவத்தை அவனே நிரப்பட்டும். தொலைத்த மூவாயிரத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் அவன் கையாலேயே எழுதச் சொல்.

அந்த ஆட்டுக்குட்டிப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். இதைப் படித்தால் ஒரு போன் போடப்பா. யாரிடமாவது பழைய சஞ்சாயிகா பாஸ்புக் இருந்தால் கீழே படம் போடுங்கள். என் கையெழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கிறேனா பார்ப்போம்.