ஏட்டின் புள்ளியும் திரையின் வண்ணமும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் வழியில் பாலவனத்தம் என்ற ஊர் இருக்கிறது. வானம் பார்த்த கரிசல் பூமி. இந்த வறண்ட சீமையின் ஜமீன்தாராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். 1867-ல் பிறந்து 1911-ல் மறைந்த அவர், அந்தக் குறுகிய ஆயுளுக்குள் மதுரையில் 1901-ஆம் ஆண்டு தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். உ.வே. சாமிநாதையரின் புறப்பொருள் வெண்பாமாலை, மணிமேகலை ஆகிய பதிப்புகளுக்குப் பொருளுதவி செய்தார்.

அச்சுப் போடப் பணம் வேண்டியதுதான். ஆனால் பணத்தால் தீராத கஷ்டம் ஒன்று அதற்கு முன்பே இருந்தது. அதுதான் ஏட்டைப் படிப்பது!

பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகிவிடும். ஆகவே எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. எகர ஒகரங்களிலும் குறில் இது, நெடில் இது என்று கொம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வேறு வடிவம் வகுத்த பிறகே அதற்கு வழி பிறந்தது. பழைய ஏட்டில் 'கொல' என்று இருந்தால் அது கொல்லா, கோலா? ஒன்று உயிரை வாங்குவது. மற்றொன்று அரசன் கையில் இருப்பது. எது என்பதை ஏடு சொல்லாது. படிக்கிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் உண்டு. செய்யுளும் உரையும், உரைக்குள் வரும் மேற்கோளும் இடைவெளியின்றி ஒரே நீரோட்டமாக ஓடும். 1887-ல் வெளிவந்த சீவக சிந்தாமணிக்காக ஐயர் பட்ட பாட்டில் பாதி, இது மூலம், இது உரை, இது வேறொரு நூலிலிருந்து எடுத்த அடி என்று பிரித்தறிவதிலேயே கழிந்தது. அந்தப் பிரிவினை புத்தகத்தில் ஏறிய பிறகுதான் சாதாரண வாசகனும் உள்ளே நுழைய முடிந்தது.

இந்தக் கதை ஓலையோடு முடிந்துவிடவில்லை. 1964-ல் ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற பெரிய கம்ப்யூட்டர் வரிசையை அறிவித்தது. அதற்கு வேலை ஏவுவதற்கென்று பிறந்த மொழிக்கு ஜே.சி.எல். என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 இயந்திரத்துக்கும் இந்த மொழிதான். அட்டைக்கு 80 பத்தி. அட்டையில் துளையிட்டுக் கட்டாகக் கொடுக்க வேண்டும்.

அந்த மொழியின் இலக்கணம் விசித்திரமானது. வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடுகள் இருந்தால் அது கட்டளை. அவற்றோடு ஒரு நட்சத்திரமும் சேர்ந்தால் வெறும் குறிப்பு. விவரங்களை எழுதிக்கொண்டு போகும்போது நடுவில் ஓர் இடைவெளி தவறி விழுந்துவிட்டதா? அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் இயந்திரம் குறிப்பு என்று தள்ளிவிடும். ஏட்டில் புள்ளி இல்லாததால் வந்த வினை, இங்கே வெற்றிடம் இருப்பதால் வருகிறது! கட்டளைகளின் நடுவே, ஒரு 'டிடி' வரிக்குப் பின்னால், தகவல் வரிகளையும் செருகி வைக்கலாம். அவை உரைக்குள் வரும் மேற்கோளைப் போன்றவை. எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாதவன் தகவலைக் கட்டளை என்று எண்ணி ஏமாறுவான்.

பிற்காலத்தில் அட்டை போய்த் திரை வந்தது. கண்ணுக்கு உதவியாக, கட்டளைக்கு ஒரு நிறம், குறிப்புக்கு ஒரு நிறம், தகவலுக்கு ஒரு நிறம் என்று எழுத்துக்குச் சாயம் ஏற்றும் வழக்கமும் வந்தது. ஐ.பி.எம். தன் தொகுப்பானிலேயே 'ஹைலைட்' என்ற கட்டளையை வைத்தது. 1998-ல் வந்த 'விம்' தொகுப்பானின் ஐந்தாம் பதிப்பில், வேலை செய்கிறவர் தாமே விதி எழுதி நிறம் பிரித்துக்கொள்ள வசதி ஏற்பட்டது. எந்த எழுத்து எந்தப் பத்தியில் நிற்கிறது, எந்த இடைவெளிக்குப் பின் குறிப்பு தொடங்குகிறது என்றெல்லாம் யோசித்து விதி எழுத வேண்டும். பொது விதி இந்த நுட்பங்களை அறியாது. அது தவறான இடத்தில் நல்ல நிறத்தைப் பூசிவிட்டால் பிழையும் சரியைப் போலவே பளபளக்கும். நிறமே இல்லாதிருந்தால் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்! ஆகவே விதி எழுதுகிறவன் முதலில் மொழியைக் கற்றிருக்க வேண்டும். ஐயர் கற்ற பிறகுதான் பிரித்தார்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. நிறம் மூலத்தின் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. கோப்பு இருந்தபடியே இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் வழி காட்டுகிறது. நல்ல பதிப்பாசிரியரின் தர்மமும் இதுவே. பாடம் வேறுபட்டால் அடிக்குறிப்பில் சொல்லுவார். மூலத்தில் கை வைக்க மாட்டார்.

பாண்டித்துரைத் தேவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் திருக்குறளில் எதுகை சரியில்லை என்று கருதி, தாமே 'திருத்தி' அச்சிட்டாராம். தேவர் அந்தப் பிரதிகளை எல்லாம் விலை கொடுத்து வாங்கி, ஒன்று விடாமல் அழித்தாராம். புத்தகத்தை அழிப்பது நல்ல காரியமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அச்சில் ஏறிய பிழையை அடுத்த தலைமுறை மூலமென்றே நம்பும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. எத்தனையோ ஏடுகள் அச்சேறும் முன்பே மறைந்துகொண்டிருந்த காலத்தில் அது வீண் அச்சமல்ல.

விளக்கம் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. எழுதியவன் எழுதியதை மாற்ற உரிமை இல்லை. ஓலையானாலும் திரையானாலும் இந்த எல்லைக் கோட்டை அறிந்து நின்றவர்களால்தான் பழைய எழுத்து இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.