திமிங்கலப் பல்லில் ஒரு கையெழுத்து



காம்பஸ் முனையால் பெஞ்சில் பெயர் செதுக்கிய பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். இன்று சொல்லப்போவதும் செதுக்கியவர்களைப் பற்றித்தான்.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைமுகங்களிலிருந்து நூற்றுக்கணக்கான கப்பல்கள் திமிங்கல வேட்டைக்குப் போயின. அவர்கள் முக்கியமாகத் தேடியது ஸ்பெர்ம் வேல் என்ற இனத்தை. 'திமிங்கல எச்சம் கடத்தல்' என்று நம் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த அம்பர்கிரிஸ் இதன் வயிற்றில் உண்டாவதுதான். அன்று அவர்களுக்கு வேண்டியது எண்ணெய். வீட்டு விளக்கு எரிந்ததும் ஆலை இயந்திரம் சிக்காமல் சுழன்றதும் அந்த எண்ணெயால்தான்.

ஒரு பயணம் மூன்று, நான்கு ஆண்டுகள் நீளும். மாதச் சம்பளம் கிடையாது. ஊர் திரும்பியபின் வருமானத்தில் ஒரு பங்கு. கடைநிலை மாலுமிகள் பலருக்கு நூற்றைம்பதில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. முன்பணமும் கப்பலில் வாங்கிய துணிமணிக் கணக்கும் கழித்தால், கடனோடு வீடு திரும்பியவர்களும் உண்டு.

வாரக்கணக்கில் ஒரு திமிங்கலமும் கண்ணில் படாது. அந்த வெறும் பொழுதில்தான் இந்தக் கலை பிறந்தது. ஸ்பெர்ம் வேலின் கீழ்த்தாடையில் நாற்பது, ஐம்பது பற்கள் இருக்கும். சொரசொரப்பான பல்லைக் கத்தியால் சுரண்டி, சுறாத்தோலால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பாய் தைக்கும் ஊசியாலோ கத்தி முனையாலோ கப்பலையும், வேட்டையையும், பெண் முகங்களையும் கீறுவார்கள். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். இதற்கு ஸ்கிரிம்ஷா என்று பெயர்.

செதுக்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரை எழுதவில்லை. ஃபிரெடரிக் மைரிக் எழுதினார். 'சூசன்' என்ற நான்டக்கெட் கப்பலில் மாலுமியாக இருந்தவர் அவர். 1828, 1829-இல் அந்தக் கப்பலின் படத்தைப் பல பற்களில் பொறித்து, தன் பெயரையும் தேதியையும் சேர்த்தார். அவற்றில் 30-க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன.

1859-இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டப்பட்டது. மண்ணெண்ணெய் வந்தது, திமிங்கல எண்ணெய்க்கு மவுசு குறைந்தது. முதலாளிகள் கொண்டாடிய எண்ணெய் எரிந்து தீர்ந்துபோயிற்று. அவர்கள் பெரிதாக மதிக்காத பல் நியூ பெட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அழகுதான். ஆனால் ஒவ்வொரு பல்லும் ஒரு கொலையின் மிச்சம் என்பதையும் மறக்கக் கூடாது.

தொழிற்புரட்சி பாடத்தில் ஜேம்ஸ் வாட் பெயரை உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஆலை விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த விடுபட்ட பாடம் இது.

பெஞ்சில் பெயர் செதுக்கியவர்கள் யார் யார் என்று கீழே எழுதுங்கள். இனி வெளியே நிற்க வைக்க மாட்டேன்.